மின்னேற்றம்: விற்பனையா, சேவையா?

2018-ஆம் ஆண்டு ஏப்ரல் 13 அன்று இந்திய அரசின் மின்துறை அமைச்சகம் ஒரு விளக்கக் கடிதம் வெளியிட்டது. புதிய திட்டம் எதையும் அது அறிவிக்கவில்லை; நிதி ஒதுக்கவில்லை; ஒரு கம்பிகூட இழுக்கவில்லை. மின்வாகனத்தின் மின்கலத்தில் காசு வாங்கிக்கொண்டு மின்னேற்றித் தருபவர் மின்சாரத்தை ‘விற்கிறவர்’ ஆகமாட்டார், அவர் ‘சேவை’ ஒன்றைச் செய்கிறவர் மட்டுமே என்பதுதான் அதன் சாரம். ஆயினும் இந்நாட்டில் பொது மின்னேற்ற நிலையங்களின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் கம்பிகளையும் செருகிகளையும் விட இந்த ஒரு சொல்லுக்கே கூடுதல் இடம் தர வேண்டியிருக்கும். அச்சொல் யாருக்குக் கதவைத் திறந்தது, அதற்கான விலையை யார் கொடுத்து வருகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னே செல்லவேண்டும். மின்னேற்றுவதற்கென்றே ஓரிடம் என்ற ஏற்பாடு வணிக முறையில் முதலில் உருப்பெற்ற இடங்களுள் ஒன்று ஓர் ஆறு என்பதால், நீரிலிருந்து தொடங்குவதே முறை.

அதற்கு முன் சொல்லைப் பற்றி ஒரு சொல். லத்தீனில் ‘காருஸ்’ என்பது வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த வினை, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் ‘சார்ஜ்’ என்று வந்து சேர்ந்தது. அதே வேரின் வேறொரு கிளைதான் ‘கார்’. எனவே காரை சார்ஜ் செய்வது என்பது சொற்பிறப்பின்படி வண்டியில் பாரம் ஏற்றுவதே. தமிழில் ‘மின்னேற்றம்’ என்று சொல்லாக்கியவர்கள் இதை அறிந்து செய்தார்களோ இல்லையோ, வண்டியிலும் தோணியிலும் சரக்கு ஏற்றும் அதே வினையைத்தான் தேர்ந்தார்கள். பாரம் சுமத்துவதிலிருந்து விரிந்து, ஒருவர்மேல் சுமத்தும் கட்டணத்துக்கும் ஆங்கிலத்தில் ‘சார்ஜ்’ என்பதே பெயராயிற்று. அந்தப் பொருளும் பின்னர் தேவைப்படும்.

1838-இல் மோரிட்ஸ் யாக்கோபி என்னும் பொறியாளர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நேவா ஆற்றின்மேல் மின்விசையால் ஒரு படகை ஓட்டிக் காட்டினார். பன்னிரண்டு பேருக்கு மேல் அதில் பயணம் செய்தனர். ஆனால் அந்தப் படகுக்கு மின்னேற்றும் இடம் என்ற தேவையே எழவில்லை. அதன் மின்கலங்களில் துத்தநாகம் கரையக் கரைய மின்சாரம் பிறந்தது. கரைந்து முடிந்தால் புதிய துத்தநாகம் வாங்கவேண்டும். விறகு எரிப்பதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. 1859-இல் காஸ்டோன் பிளான்டே ஈய-அமில மின்கலத்தைக் கண்டறிந்த பிறகே தீர்ந்ததை மீண்டும் நிரப்பலாம் என்ற நிலை வந்தது. 1881-இல் காமில் ஃபோர் அதன் தகடுகளைச் செம்மைப்படுத்தினார். அதே ஆண்டில் குஸ்தாவ் த்ரூவே பாரிஸில் செய்ன் ஆற்றில் ஒரு சிறு மின்படகைச் செலுத்தினார். ஆனால் அவர் பயன்படுத்தியது பழைய வகைக் கலங்களையே. மறுமின்னேற்றம் செய்யக்கூடிய கலங்களோடு ‘எலெக்ட்ரிசிட்டி’ என்ற படகு லண்டனில் தேம்ஸ் ஆற்றில் இறங்கியது 1882-இல். ஆஸ்திரியாவில் பிறந்த ஆண்டனி ரெக்கன்ஸான் அதை வடிவமைத்தார். 45 கலங்கள் அதில் இருந்தன. நான்கு ஆண்டுகள் கழித்து ‘வோல்டா’ என்ற படகு ஒரே மின்னேற்றத்தில் டோவரிலிருந்து கலே சென்று திரும்பியது.

இவையெல்லாம் சாதனைகள். சாதனை ஒருமுறை நடந்தால் போதும். தொழில் நாள்தோறும் நடக்கவேண்டும். அந்த வேறுபாட்டை உணர்ந்தவர் ஜெர்மனியில் பிறந்து லண்டனில் கடிகாரத் தொழில் செய்துவந்த மோரிட்ஸ் இம்மிஷ். 1880-களின் இறுதியில் தேம்ஸ் ஆற்றில் மின்படகுகளை வாடகைக்கு விடத் தொடங்கிய அவருடைய நிறுவனம், படகுகளோடு நிற்கவில்லை. நீராவி எந்திரமும் டைனமோவும் பொருத்திய மிதவைகளை ஆற்றின் ஓரங்களில் இடைவெளி விட்டு நிறுத்தியது. பகலில் செல்வர்களை உல்லாசமாக ஏற்றிச் சென்ற படகுகள் இரவில் அந்த மிதவைகளின் பக்கத்தில் கட்டப்பட்டு மின்னேற்றம் பெற்றன. கரையில் மின்சாரம் வந்து சேராத காலத்தில் மின்சாரத்தையே நீரில் மிதக்கவிட்ட ஏற்பாடு அது. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஐம்பதுக்கு மேற்பட்ட மின்படகுகள் பத்து லட்சத்துக்கும் அதிகமானோரைச் செயற்கைக் கால்வாய்களில் சுற்றிக் காட்டியபோதும் அடிப்படை இதுவே: படகின் வழி தெரியும், அது திரும்பும் துறை தெரியும், துறையும் படகும் ஒருவருடையவை.

காருக்கு இந்த மூன்றில் எதுவும் உறுதியில்லை. 1897-இல் நியூயார்க்கில் மின்வாடகைக் கார்களை ஓட்டியவர்கள் படகுக்காரர்களின் வழியையே பின்பற்றினர். வண்டிகள் அனைத்தும் நிறுவனத்துக்கே சொந்தம். எல்லாம் ஒரே கொட்டகைக்குத் திரும்பும். அங்கே தீர்ந்த மின்கலத்தைப் பாரந்தூக்கியால் கழற்றி, நிறைந்ததைப் பொருத்தி அனுப்புவார்கள். இன்று ‘மின்கல மாற்று நிலையம்’ என்று புதுமையாகப் பேசப்படுவது நூற்றிருபத்தைந்து ஆண்டு பழைய வழக்கம். தனியார் வாங்கிய கார்களிடம் இம்முறை செல்லவில்லை. மின்கலத்துக்கு நேர்மின்சாரம் வேண்டும். நகரங்களிலோ மாறுதிசை மின்சாரம் பரவிக்கொண்டிருந்தது. 1902-இல் பீட்டர் கூப்பர் ஹெவிட் கண்டுபிடித்த பாதரச வில் திருத்தி அந்த இடைவெளியை அடைத்தது. வசதியுள்ளவர்கள் தம் வண்டிக் கொட்டிலிலேயே அதை வைத்துக்கொண்டனர். ஆனால் 1910-இல் அமெரிக்க வீடுகளில் பெரும்பாலானவற்றில் மின்சாரமே இல்லை. பெட்ரோலோ தகர டப்பாவில் அடைபட்டுச் சிற்றூர்க் கடை வரைக்கும் போயிற்று. மின்கார் தோற்றதற்கு மின்கலத்தின் எடையையும் பெட்ரோல் காரில் வந்த தானியங்கித் தொடக்கியையும் காரணம் சொல்வது வழக்கம். டப்பாவில் போகக்கூடிய எரிபொருளுக்கும் கம்பி வழியே மட்டும் போகக்கூடிய எரிபொருளுக்கும் இருந்த வேறுபாட்டை அவற்றுக்கு முன்னே வைப்பதே பொருந்தும்.

இந்தியாவில் இந்தக் கதை ஏறத்தாழ நூறாண்டு தாமதித்து, வேறொரு வாசல் வழியாக நுழைந்தது. 1993-இல் ‘எடி கரன்ட் கன்ட்ரோல்ஸ்’ என்ற நிறுவனம் ‘லவ்பேர்ட்’ என்ற இருவர் அமரும் மின்காரைக் காட்சிக்கு வைத்தது. 2001-இல் பெங்களூரிலிருந்து ‘ரேவா’ வந்தது. இரண்டுக்கும் வெளியே மின்னேற்ற நிலையம் என்று எதுவும் இல்லை. ரேவாவை வாங்கியவர் வீட்டில் குளிர்சாதனத்துக்கோ வெந்நீர்க் கலத்துக்கோ பயன்படும் 15 ஆம்பியர் செருகுவாயில் அதை மாட்டிவிட்டுத் தூங்கப் போகலாம். சொந்த வீடும் வண்டி நிறுத்தத் தனியிடமும் உள்ளவரே அதன் வாடிக்கையாளர் என்பது இதிலேயே முடிவாகிவிட்டது. வாடகை வீட்டின் இரண்டாம் மாடியில் இருப்பவர் ரேவாவை வாங்கியிருந்தால் சன்னல் வழியே கம்பியைத் தொங்கவிட்டிருக்கவேண்டும்.

உண்மையில் இந்நாட்டின் முதல் பெரிய மின்னேற்ற வலையமைப்பைக் கட்டியவர்கள் கார்க்காரர்கள் இல்லை. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டெல்லியின் தெருக்களில் மின்ரிக்‌ஷாக்கள் பெருகின. பிறகு உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்கம் என்று பரவின. ஒவ்வொன்றிலும் 12 வோல்ட் ஈய-அமில மின்கலங்கள் நான்கு. பகல் முழுவதும் ஓடிவிட்டு இரவில் எட்டுப் பத்து மணிநேரம் மின்னேற்றம் பெற்றாகவேண்டும். ஓட்டுநர்களில் பெரும்பாலோர்க்கு வண்டியை நிறுத்தவே இடம் கிடையாது. ஆகவே குடியிருப்புகளின் இடுக்குகளில் கொட்டகைகள் தோன்றின. இரவுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. அதில் நிறுத்துமிடம், மின்னேற்றம், காவல் மூன்றும் அடக்கம். சில கொட்டகைகளில் முறையான மீட்டர் இருந்தது; பலவற்றில் கம்பத்திலிருந்து கொக்கி போட்டு இழுத்த இணைப்பு. 2014 ஜூலையில் டெல்லி உயர்நீதிமன்றம் மின்ரிக்‌ஷாக்களைத் தடைசெய்தது. 2015-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு அவை சட்டத்துக்குள் வந்தன. வண்டி சட்டத்துக்குள் வந்தது. வண்டிக்கு உணவிட்ட கொட்டகை வரவில்லை. மீட்டருக்குப் பணம் கட்டிய நேர்மையான கொட்டகைக்காரரும் ஒரு சிக்கலில்தான் இருந்தார். மின்வாரியத்திடம் வாங்கிய மின்சாரத்தை அவர் பிறருக்குக் காசுக்குத் தருகிறார். அதற்கு என்ன பெயர்?

2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் இதற்குக் கடுமையான விடையை வைத்திருந்தது. அதன் 12-ஆம் பிரிவுப்படி, உரிமமோ விலக்கோ பெறாத எவரும் மின்சாரத்தைக் கடத்தவோ பகிர்ந்தளிக்கவோ வணிகம் செய்யவோ கூடாது. மறுவிற்பனைக்காக மின்சாரத்தை வாங்குவதே ‘வணிகம்’ என்று சட்டத்தின் வரையறைப் பகுதி சொல்கிறது. இந்தக் கட்டுப்பாட்டுக்கு நீண்ட மரபு உண்டு. 1910-ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டமும் உரிமம் பெறாதவர் அரசின் அனுமதியின்றி மின்வழங்கல் தொழிலில் இறங்குவதைத் தடுத்தது. நோக்கம் நியாயமானதே. ஒரே தெருவில் நால்வர் கம்பி இழுத்தால் விபத்தும் வீணடிப்பும்தான் மிஞ்சும். ஆனால் அந்த வரையறையை எழுதியவர்களின் மனத்தில் இருந்த நுகர்வோர், ஓரிடத்தில் நிலையாக இருக்கும் வீடோ ஆலையோ கடையோதான். இன்று இந்தத் தெருவிலும் நாளை இன்னொரு மாவட்டத்திலும் நின்று மின்சாரம் கேட்கும் நுகர்வோரை அவர்கள் கண்டதில்லை. எழுத்தை எழுத்தாக எடுத்துக்கொண்டால், தேநீர்க்கடை வாசலில் ஒரு மின்காருக்குக் கம்பி நீட்டிக் காசு வாங்குபவர் உரிமம் பெறாத மின்வணிகர்.

2018-ஆம் ஆண்டுக் கடிதம் அவிழ்த்தது இந்த முடிச்சை. அமைச்சகத்தின் வாதம் வேதியியலை நாடியது. மின்னேற்றும்போது மின்னாற்றல் வேதியாற்றலாக மாறி மின்கலத்தில் சேமிக்கப்படுகிறது. ஆகவே மின்சாரத்தை நுகர்பவர் நிலையத்துக்காரரே. வாகன உரிமையாளர் பெறுவது அந்த நுகர்வின் பயனாக அமைந்த ஒரு சேவை. இதில் கடத்தலும் இல்லை, பகிர்மானமும் இல்லை, வணிகமும் இல்லை; உரிமமும் தேவையில்லை. மாவு ஆலைக்கு நெல்லைக் கொண்டு போகிறவர் மின்சாரம் வாங்கி வருவதில்லை, அரைத்த மாவைத்தான் வாங்கி வருகிறார் என்பது போன்ற வாதம்.

வாதம் சாமர்த்தியமானது, முழுமையானது என்று சொல்லிவிட முடியாது. மாவிலிருந்து யாரும் மறுபடி மின்சாரம் எடுப்பதில்லை. மின்கலத்தின் வேலையே மின்சாரத்தைத் திருப்பித் தருவது. வாகனத்திலிருந்து மின்தொடருக்கு மின்சாரம் திரும்பிப் பாயும் தொழில்நுட்பம் பரவும்போது இந்த வரையறை எப்படி நிற்கும் என்பது திறந்த கேள்வி. இன்னொரு முரணும் உண்டு: நிலையத்தில் கிடைக்கும் ரசீது எத்தனை யூனிட், யூனிட்டுக்கு எவ்வளவு என்றே பேசுகிறது. சட்டம் ‘சேவை’ என்கிறது, ரசீது சரக்கை அளக்கிறது. அமெரிக்காவின் சில மாநிலங்கள் இந்த முரணுக்கு அஞ்சி, யூனிட் கணக்கை விட்டு நிமிடக் கணக்கில் கட்டணம் வாங்கச் சொன்னதும் உண்டு. கலிஃபோர்னியாவின் ஒழுங்குமுறை ஆணையமோ 2010-லேயே மின்னேற்றுவோர் மின்நிறுவனங்கள் அல்லர் என்று தீர்த்துவிட்டது.

குறை என்னவாயினும் கதவு திறந்தது. அதே ஆண்டு டிசம்பர் 14 அன்று வந்த வழிகாட்டுதல்கள் பொது மின்னேற்ற நிலையம் அமைப்பதை உரிமம் வேண்டாத தொழிலாக்கின. நகரங்களில் 3 கி.மீ.க்கு 3 கி.மீ. கட்டம் ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு நிலையம், நெடுஞ்சாலைகளின் இருபுறமும் 25 கி.மீ.க்கு ஒன்று என்ற இலக்கை வைத்தன. 2024 பிப்ரவரி தொடக்கத்தில் நாட்டில் 12,146 பொது நிலையங்கள் இயங்கின என்பது அரசின் கணக்கு.

செருகிகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2017-இல் அரசுத் துறைகளுக்காக 10,000 மின்கார்கள் வாங்க ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்ட சூழலில், குறைந்த மின்னழுத்தக் கார்களை மனத்தில் கொண்டு ‘பாரத் ஏசி-001’, ‘பாரத் டிசி-001’ என்ற தரங்கள் வகுக்கப்பட்டன. டிசி-001-இன் உச்சத் திறன் 15 கிலோவாட். ஓரிரு ஆண்டுகளிலேயே கார்கள் உயர் மின்னழுத்தத்துக்கும் ஐரோப்பிய வகைச் செருகிக்கும் தாவிவிட்டன. அவசரத்தில் நிறுவிய பெட்டிகள் பல, பொருந்தும் கார் வராமல் வெயில் காய்ந்தன.

சாலையில் இத்தனை வழக்காடல் நடந்த அதே ஆண்டுகளில் கேரளத்தின் உப்பங்கழிகளில் வேலை ஓசையின்றி நடந்தது. 2017 ஜனவரி 12 அன்று வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே ‘ஆதித்யா’ என்ற சூரியமின் படகு ஓடத் தொடங்கியது. தமிழர்க்கு வைக்கம் என்றால் பெரியாரும் 1924-ஆம் ஆண்டுச் சத்தியாகிரகமும்தான் நினைவுக்கு வரும். இந்தியப் படகுப் போக்குவரத்தின் வரலாற்றிலும் அவ்வூருக்கு ஓரிடம் உண்டு. 75 பேரை ஏற்றும் அப்படகின் கூரையில் 20 கிலோவாட் சூரியத் தகடுகள். அடியில் இரு மிதவுடல்கள், ஒவ்வொன்றிலும் 20 கிலோவாட் மின்னோடி. வேம்பநாட்டுக் காயலைக் குறுக்கே கடக்கும் தொலைவு ஏறத்தாழ 2.5 கி.மீ. வெயிலுள்ள நாளில் தேவையின் பெரும்பகுதியைக் கூரையே தந்துவிடும். மிச்சத்துக்கு இரவில் துறையில் ஒரு கம்பி போதும். 2020-இல் இப்படகு மின்படகுகளுக்கான பன்னாட்டு விருதொன்றைப் பெற்றது. செய்ன் ஆற்றில் படகு விட்ட அதே குஸ்தாவ் த்ரூவேயின் பெயரில் அமைந்த விருது அது.

2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி நீர் மெட்ரோ இன்னும் பெரிய ஏற்பாடு. 78 படகுகள், 38 துறைகள் என்பது திட்டம். ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கியின் கடனும் அதில் உண்டு. கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்ட, 100 பேரை ஏற்றும் படகுகளில் லித்தியம் டைட்டனேட் வகை மின்கலம் வைக்கப்பட்டது. அதே ஆற்றலைச் சேமிக்க இவ்வகை மற்ற லித்தியம் கலங்களை விடக் கூடுதல் எடையும் விலையும் கேட்கும். கார் செய்பவர்கள் அதை விரும்பாததற்குக் காரணம் அதுவே. ஆனால் மிக விரைவாக, மிகப் பலமுறை மின்னேற்றத்தைத் தாங்கும். பயணிகள் இறங்கி ஏறும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கலம் நிரம்பவேண்டும் என்ற தேவைக்கு அது பொருந்திற்று. 2015-இல் நார்வேயில் லாவிக்-ஒப்பேடால் இடையே 120 கார்களை ஏற்றி ஓடத் தொடங்கிய ‘ஆம்பியர்’ கப்பலும் கரையையே முதலில் எண்ணிப் பார்த்த கப்பல். இருபுறமும் சிற்றூர்கள், அவற்றின் மின்தொடரால் பத்து நிமிடத்தில் அத்தனை மின்சாரம் தர இயலாது. எனவே இரு துறைகளிலும் பெரிய மின்கலங்களை வைத்து, கப்பல் இல்லாத நேரத்தில் மெல்ல நிரப்பி, கப்பல் வந்ததும் ஒரேயடியாக ஊற்றினார்கள். இம்மிஷின் மிதவை கரையேறிவிட்டது என்று சொல்லலாம்.

இந்தப் படகுகள் எதுவும் விற்பனையா சேவையா என்ற கேள்வியைச் சந்திக்கவில்லை. துறையும் படகும் ஒரே நிறுவனத்தின் கையில். மின்சாரத்தை வாங்குபவரும் நுகர்பவரும் ஒருவரே. பயணி வாங்குவது பயணச்சீட்டு. வைக்கத்தில் நாள்தோறும் அக்கரைக்குப் போய்வரும் கூலித் தொழிலாளி, வண்டி நிறுத்த இடமோ செருகுவாயோ இல்லாமலேயே மின்போக்குவரத்தின் பயனை அடைந்துவிடுகிறார்.

காரும் மின்ரிக்‌ஷாவும் ஓட்டுபவரின் நிலை வேறு. ‘சேவை’ என்ற சொல் உரிமத்திலிருந்து விடுவித்ததே தவிர, அதோடு கதை முடியவில்லை. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின்கீழ் மின்சாரம் வரிவிலக்குப் பெற்ற பொருள். சேவைகளில் பெரும்பாலானவற்றுக்கு வரி உண்டு. மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட சாமுண்டேஸ்வரி மின்வழங்கு கழகம், தன் மின்னேற்ற நிலையங்களில் மின்சாரக் கட்டணம், சேவைக் கட்டணம் என இரண்டாகப் பிரித்து வாங்க எண்ணி, முதற்பகுதிக்கு வரிவிலக்கு உண்டா என்று கர்நாடக முன்தீர்ப்பு ஆணையத்திடம் கேட்டது. 2023 ஜூலையில் விடை வந்தது: பிரிக்க முடியாது, இரண்டும் சேர்ந்தே சேவை, 18 விழுக்காடு வரி. ஆணையம் சான்றாகக் காட்டியவற்றுள் மின்துறை அமைச்சகத்தின் அந்த 2018 விளக்கமும் ஒன்று. முன்தீர்ப்பு சட்டப்படி கேட்டவரை மட்டுமே கட்டுப்படுத்தும் என்றாலும் நாடெங்கும் மின்னேற்ற ரசீதுகளில் அந்த 18 விழுக்காடு இடம்பெறுகிறது.

வீட்டில் மின்னேற்றுபவருக்கு இந்த வரி இல்லை. அவர் மின்வாரியத்திடம் நேரே மின்சாரம் வாங்குகிறார். அது சரக்கு, அதுவும் விலக்குப் பெற்ற சரக்கு. சொந்த நிறுத்துமிடம் இல்லாதவர் அதே மின்சாரத்தைத் தெருமுனை நிலையத்தில் பெற்றால் அது சேவை. 2019 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மாதிரிக் கட்டட விதிகள் புதிய கட்டடங்களின் நிறுத்துமிடங்களில் 20 விழுக்காட்டுக்கு மின்னேற்ற வசதி வேண்டும் என்றன. அவை புதிய கட்டடங்களுக்கு. அதுவும் மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட அளவுக்கு. பழைய டெல்லியின் சந்துக்குள் ஒற்றை அறையில் குடியிருக்கும் மின்ரிக்‌ஷா ஓட்டுநருக்கு இவ்விதியால் எதுவும் மாறவில்லை. அவர் முன் இருக்கும் வழிகள் இரண்டு. ஒன்று வரியோடு ரசீது தரும் நிலையம்; மற்றது இரவுக்கு இவ்வளவு என்று கையில் வாங்கிக்கொண்டு ரசீது எதுவும் தராத அந்தப் பழைய கொட்டகை.